வடகிழக்கு மூலையில் ஒரு மீன்

ஜூன் 8, ஞாயிறு

வடவள்ளி வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாம் மாடி, இரண்டு அறைகள். பின்பக்க பால்கனியில் நின்றால் மருதமலை தெரிகிறது. புத்தகப் பெட்டிகளைத் தவிர மற்றவற்றைப் பிரித்தாயிற்று.

சாவி கொடுப்பதற்காக வீட்டு உரிமையாளர் துளசிமணி அம்மாள் காத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அவர் கணவர் நாச்சிமுத்துவுக்கு இதயத்தில் அடைப்பு. சென்னையில் மகள் இந்துமதி வீட்டில் தங்கி, அங்கேயே பைபாஸ் செய்துகொள்ளப் போகிறார்கள். அதனால்தான் குடியிருந்த வீட்டை இவ்வளவு அவசரமாக வாடகைக்கு விட்டது.

ஹாலின் வடகிழக்கு மூலையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். இங்கேயேதான் இருக்குமாம். நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஒப்பந்தத்தில் இது இல்லையே என்றேன். மீனையெல்லாம் யாருங்க பத்திரத்தில் எழுதுவாங்க என்றார். வாஸ்து பார்த்து வைத்த தொட்டி, நகர்த்தக் கூடாது, வற்றவும் கூடாது. எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று சொன்னேன்.

"நீங்க நம்ப வேண்டாமுங்க மேடம். தீனி போட்டாப் போதும்" என்றார்.

மீன் ஒன்றே ஒன்று. ஃப்ளவர்ஹார்ன் என்ற வகை. ஒரு சாண் நீளம் இருக்கும். நெற்றியில் பெரிய புடைப்பு, யாரோ அடித்து வீங்கியதுபோல. வேறு மீன் எதையும் கூட விட்டால் கொன்றுவிடும் என்பதால் தனியாக இருக்கிறது. பெயர் துரை.

நான் மீனுக்கெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஜூன் 11, புதன்

கட்டடத்தில் இரண்டு குழாய்கள். ஒன்றில் போர் தண்ணீர், உப்பு. இன்னொன்றில் சிறுவாணித் தண்ணீர், அது வரும்போதுதான் வரும். தொட்டிக்குச் சிறுவாணிதான் விட வேண்டும் என்று துளசிமணி அம்மாள் சொல்லியிருக்கிறார். எனவே இன்று கல்லூரியிலிருந்து வந்து, எனக்கு ஒரு குடமும் மீனுக்கு இரண்டு பக்கெட்டும் பிடித்து வைத்தேன். மீன் உட்கார்ந்து தின்கிற வாடகைதாரர். நான் அதற்குக் கீழ்வாடகை.

ஜூன் 15, ஞாயிறு

மத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன். தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பக்கம் நாற்காலி போட வசதியாக இருந்தது.

ஜூன் 19, வியாழன்

துளசிமணி அம்மாள் போன் செய்தார். மாடிப்படியில் விளக்கு எரிகிறதா, சாக்கடை நாற்றம் வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "மீனு எப்படிங்க இருக்குது?" என்றார். நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறது என்றேன். "அப்படிங்களா. சரிங்க" என்று வைத்துவிட்டார். இதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். கணவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

ஜூன் 29, ஞாயிறு

தொட்டியின் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை இந்த மீன் வாயில் கவ்வி எடுத்து வேறு இடத்தில் போடுகிறது. கண்ணாடியில் பட்டு டக் டக்கென்று சத்தம். நான் ஒழுங்காகப் பரப்பி வைத்தால் மறுநாள் எல்லாம் இடது மூலையில் குவிந்து கிடக்கும். அதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதை நான் கெடுக்கிறேன் என்று தோன்றுகிறது. பரப்புவதை விட்டுவிட்டேன்.

கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வேலை. வீட்டுக்கு எடுத்து வந்து ஹாலிலேயே உட்கார்ந்து திருத்துகிறேன். உள் அறையில் மேசை இருக்கிறது, ஆனால் ஹாலில் வெளிச்சம் அதிகம்.

ஜூலை 6, ஞாயிறு

மீண்டும் போன். மீன் இன்னும் பளபளப்பாகிவிட்டது, புடைப்புகூடக் கொஞ்சம் பெருத்திருக்கிறது என்று சொன்னேன். இந்த முறை அவர் சரி என்றுகூடச் சொல்லவில்லை. பின்னால் நாச்சிமுத்துவின் இருமல் கேட்டது. பாவம், அம்மாள் களைத்திருக்கிறார். மருத்துவமனைப் பிளாஸ்டிக் நாற்காலிகளை எனக்குத் தெரியும்.

ஜூலை 12, சனி

இந்துமதி செய்தி அனுப்பியிருக்கிறாள். ஆபரேஷன் இம்மாதம் முப்பதாம் தேதி.

மீன் இன்று சாப்பிடவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்றும் சாப்பிடவில்லை. அடியில் ஒரு மூலையில் தலை தாழ்த்தி நிற்கிறது. நிறம் மங்கியிருக்கிறது. கற்கள் நேற்று கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன.

துளசிமணி அம்மாளிடம் சொல்லவில்லை. அவருக்கு இருக்கும் கவலை போதும்.

ஜூலை 16, புதன்

இந்த வகை மீன்களுக்கு வரும் குடல் நோயைப் பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் கிடைத்தன. இரண்டிலும் எடுத்துக்கொண்ட மீன்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. என் மாணவி இப்படி ஒன்றை எழுதி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இப்போது வேறு வழியில்லை. அரை நாள் விடுப்புப் போட்டு உக்கடத்தில் வளர்ப்புமீன் கடைக்குப் போய் மருந்தும் சின்ன ஹீட்டரும் வாங்கி வந்தேன். கல் உப்பு வீட்டிலேயே இருந்தது.

மின்வெட்டு வந்தால் காற்று மோட்டார் நின்றுவிடும் என்பதால் பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்றும் வாங்கினேன். எப்படியும் வீட்டுக்கு வேண்டியதுதான்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. எதிர்வீட்டிலிருந்து கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் குடித்தேன், அது ஒன்றும் சாப்பிடவில்லை.

தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தால் பிழைகள் தெரியும், அதனால்.

ஜூலை 22, செவ்வாய்

துரை சாப்பிட்டது. மூன்று உருண்டைகள் போட்டேன். இரண்டைத் துப்பிவிட்டு மறுபடி எடுத்துத் தின்றது. மாலையில் ஒரு கல்லைத் தூக்கி அரையடி தள்ளிப் போட்டது.

ஜூலை 23, புதன்

நல்ல செய்தி சொல்வதற்காக நானே துளசிமணி அம்மாளைக் கூப்பிட்டேன். மீனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, உங்களைக் கலங்கடிக்க வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தேன், மருந்து போட்டுப் பிழைக்க வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

எந்த நாளிலிருந்து என்று கேட்டார். பன்னிரண்டாம் தேதி என்றேன்.

"அன்னைக்குத்தானுங்க இவருக்குத் தேதி குறிச்சாங்க" என்றார். பிறகு, "ஏனுங்க மேடம் மருந்து போட்டீங்க?" என்று அழுதார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. வீட்டில் வளர்க்கும் மீன் இறந்தால், வீட்டில் ஒருவருக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போகிறது என்பது அவர் நம்பிக்கை. இதற்கு முன்பு அந்தத் தொட்டியில் இருந்த மீன் செத்த அன்று நாச்சிமுத்து ஸ்கூட்டரோடு லாரியில் மோதினாராம். ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. மீன் தானாகப் போக வேண்டும். பட்டினி போட்டோ கவனிக்காமல் விட்டோ போனால் கணக்கில் சேராது, பாவமும் வரும். அதனால்தான் நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஆளாகத் தேடி வீட்டைக் கொடுத்திருக்கிறார். வாரா வாரம் போன் செய்து காத்திருந்திருக்கிறார், நான் வாரா வாரம் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் அது போகக் கிளம்பியபோது நான் மறித்துவிட்டேன். கண்டம் வந்த வழியே திரும்பி அவர் கணவரிடம் போய்விட்டது. அவர் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் இதுதான் பொருள்.

ஜூலை 25, வெள்ளி

துளசிமணி அம்மாளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகளில் முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடாது என்று சொன்னேன். இதை இருபது வருடங்களாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பிறகு எண்களுக்கு வந்தேன். இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் நன்றாக வீட்டுக்குப் போகிறார்கள் என்றேன்.

"அந்த ரெண்டு பேரு ஊட்லயும் நூத்துக்கு நூறு போச்சுங்களே மேடம்" என்றார்.

மருந்து போட்டதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்க நல்லதுதானுங்க பண்ணீங்க என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஜூலை 27, ஞாயிறு

இந்துமதி பேசினாள். அம்மா ஆடி கழியட்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். ஆடி ஒரு சாக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். அதுவரை தாங்காது, ஒரு வாரம் தள்ளுவதுகூட ஆபத்து என்கிறார் மருத்துவர். அப்பாவைக் கேட்டால், "உங்கொம்மா சொன்னாச் சரி" என்கிறாராம். நாளைக்குள் மருத்துவமனையில் சேர வேண்டும். சேராவிட்டால் அந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நீங்க சொன்னாக் கேப்பாங்க ஆன்ட்டி. மேடம் படிச்சவங்கன்னு உங்க மேல அவங்களுக்கு மரியாதை" என்றாள். மரியாதை என்ன ஆயிற்று என்பதை வெள்ளிக்கிழமையே பார்த்தேன்.

என் கணவன் தயாளன் கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது அவன் அக்கா என்னைச் சமயபுரத்துக்கு முடியிறக்குவதாக வேண்டிக்கொள்ளச் சொன்னாள். நான் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். இதை இங்கே எழுதக் காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

காலை காபி குடித்துவிட்டுத் துளசிமணி அம்மாளுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, துரை போயிருச்சு" என்றேன். அவரை அக்கா என்று அழைத்தது இதுதான் முதல் முறை. திட்டமிட்டது அல்ல.

எப்போது என்றார். காலையில் எழுந்து பார்த்தால் மிதந்துகொண்டிருந்தது என்றேன். மருந்து நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, தொடர்ந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன், எல்லாம் செய்தேன், தானாகப் போய்விட்டது என்றேன். இந்த இடத்தில் விதியைக் காப்பாற்றியாக வேண்டும் என்பது எனக்கு நினைவிருந்தது.

"கஷ்டப்பட்டுச்சுங்களா?"

"இல்லைக்கா. தூங்கின மாதிரி இருந்தது."

எங்கே புதைத்தேன் என்று கேட்டார். பின்னால் முருங்கை மரத்தடியில் என்றேன். கட்டடத்துக்குப் பின்னால் முருங்கை மரம் இருக்கிறதா என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. அந்த நேரம் பார்த்துத் துரை ஒரு கல்லைக் கண்ணாடியில் போட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அவர் நெடுநேரம் அழுதார். "பாவமுங்க, பச்சப் புள்ளையாட்ட வளத்தேன். அது போகோணும்னு உக்காந்து வேண்டுனேனே" என்றார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பெட்டி எடுத்து வைக்க வேண்டும், மணியாகிவிட்டது என்றார்.

மதியம் இந்துமதியின் செய்தி: சேர்த்துவிட்டோம். அம்மா ஆட்டோவில் எங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். என்ன சொன்னீர்கள்?

புள்ளிவிவரம் என்று பதில் அனுப்பினேன்.

பின்னால் போய்ப் பார்த்தேன். முருங்கை இல்லை. ஒரு பப்பாளி இருக்கிறது.

ஜூலை 30, புதன்

கல்லூரிக்குப் போனேன். ஒரே கணக்கைக் கரும்பலகையில் இரண்டு முறை போட்டிருக்கிறேன். பிள்ளைகள் எதுவும் சொல்லாமல் இரண்டு முறையும் எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் இந்துமதி கூப்பிட்டாள். முடிந்தது. கண் விழித்துவிட்டார். தண்ணீர் கேட்டிருக்கிறார்.

மீன் இறந்ததற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மீன் இறக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

நாச்சிமுத்து மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்சம் நடக்கிறார். தொட்டியைக் காலியாக விடக் கூடாது, அதே சாதியில் இன்னொன்று வாங்கி விடுங்கள் என்று துளசிமணி அக்கா சொல்லியிருந்தார். வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். என் போனில் கேமரா சரியில்லை என்றேன்.

ஒரு பொய் இவ்வளவு தீனி தின்னும் என்று நினைக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறார்கள். மகள் வீட்டில் இனி இருக்க முடியாது, சொந்த ஊருக்கே வந்துவிடலாம் என்று யோசிக்கிறார்களாம். அதைப் பற்றி என்னிடம் பேச வேண்டுமாம்.

துரையைக் குளியலறை டிரம்மில் ஒளித்து வைத்துவிட்டு, உக்கடத்தில் வேறொன்று வாங்கித் தொட்டியில் விடலாமா என்று நாள் முழுவதும் யோசித்தேன். புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் யோசிக்கிற யோசனை இது. டிரம்மைக் கழுவிக்கூட வைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். டிரம்மில் அதற்கு மூச்சு முட்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வந்துவிட்டுப் போய்விட்டார்கள். வரிசையாக எழுதுகிறேன்.

நாச்சிமுத்து நான் நினைத்ததைவிட உயரம். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. மாடி ஏறி வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்தார். துளசிமணி அக்கா தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபி போடுகிறேன் என்று நேராகச் சமையலறைக்குப் போய்விட்டார். நான் போடுகிறேன் என்றதற்கு, இது என் அடுப்படிதானே, எனக்குத் தெரியாதா என்றார்.

நாச்சிமுத்து நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"புதுசுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"உக்கடத்துலயா வாங்குனீங்க?"

"ஆமாங்க."

குனிந்து பார்த்தார். எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்தார். "இந்தப் பக்கத்துச் செட்டையில ஒரு கிழிசல் இருக்குது பாருங்கொ. போன வருசம் நாந்தான் வலை போட்டுத் தூக்கறப்போ கிழிச்சுட்டேன்."

துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நடந்ததையெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், தோள் குலுங்க ஆரம்பித்தது. பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல்.

"சிரிக்க வெக்காதீங்கொ மேடம். தையல் இழுக்குது."

உள்ளே இருந்து, அங்க என்ன சிரிப்பு என்றார் அக்கா. புது மீன் என்னை முறைக்குது என்றார் இவர்.

காபி வந்தது. தீபாவளி முடிந்ததும் இந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடலாம் என்று நினைக்கிறோம், உங்களுக்குச் சிரமம்தான் என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவசரமில்லை, வேறு வீடு பார்த்துக்கொண்டு போங்கள் என்றார். பரவாயில்லை, அதற்குள் பார்த்துவிடுவேன் என்றேன். வீட்டைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. தொட்டியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அது அவர்கள் தொட்டி. அவர்கள் மீன்.

அக்கா டம்ளர்களைக் கழுவப் போனார். நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போறப்போ இதையக் கொண்டுட்டுப் போயிருங்கொ."

நான் எதையோ சொல்லி மறுத்தேன். ஒத்துக்கொண்டது பார்த்துக்கொள்ளத்தான் என்று சொன்னேன் போலிருக்கிறது.

"எங்க மீனு போயிருச்சுங்களே. செத்த மீனைத் திருப்பிக் குடுங்கன்னு நாங்க எப்படிங்க கேக்கறது? இது நீங்க வாங்குன மீனு. உங்குளுது" என்றார். சிரிப்பு இல்லாமல், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்போலச் சொன்னார்.

கிளம்பும்போது துளசிமணி அக்கா தொட்டி முன்னால் நின்றார். டப்பாவிலிருந்து இரண்டு உருண்டைகள் எடுத்துப் போட்டார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "மாப்பு பண்ணிக்க சாமி. நல்லா இரு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் விடவில்லை.

புது மீனிடம் மன்னிப்புக் கேட்பதும் அவர்கள் வழக்கமாக இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று நான்கு வீடுகள் பார்த்தேன். ஒன்றில் வெளிச்சமில்லை. ஒன்றில் சிறுவாணி இணைப்பு இல்லை. ஒன்றில் ஹால் தரை சரிந்திருக்கிறது, தொட்டி நிற்காது. நான்காவதில் மருதமலை தெரியாது, மற்றதெல்லாம் சரி.

நவம்பர் 2, ஞாயிறு

சீரநாயக்கன்பாளையம். முதல் மாடி.

சாமான்கள் லாரியில் போயின. துரையை மூடி போட்ட பக்கெட்டில் வைத்து, பேட்டரி மோட்டாரோடு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் குழம்புக்கா என்று கேட்டார். நாம் பேசிக்கொள்ளாமல் போகலாம் என்றேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டினார். தண்ணீர் புடவையில் சிந்திவிட்டது.

முதலில் தொட்டியை வைத்தேன். புதிதாக வாங்கியது, பழையதைவிடக் கொஞ்சம் நீளம். சாவி வாங்க வந்த துளசிமணி அக்கா பழைய தொட்டியிலிருந்து இரண்டு குடம் தண்ணீரும் கூழாங்கற்களும் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டு உரிமையாளர், ஓய்வு பெற்ற தாசில்தார், படியேறி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். மீன்தொட்டியைத் தென்மேற்கில் வைக்கிறீர்களே, வடகிழக்கில்தானே வைக்க வேண்டும் என்றார். அங்கே வைத்தால் நான் உட்காரும் இடத்திலிருந்து தெரியாது என்றேன்.

"அப்ப வாஸ்துவுக்கு வைக்கலையா?"

"இல்லைங்க. துணைக்கு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, பால் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

தண்ணீர் இன்னும் கலங்கலாக இருக்கிறது. புத்தகப் பெட்டிகளை நாளை பிரிக்கலாம்.